கருவாட்டுக் களத்தில் கடுவன் கொடுத்த வாக்கு

அந்தக் காலத்தில், பூனைக்கு வாயில் பேச்சும் மனிதருக்கு அதை நின்று கேட்கும் பொறுமையும் இருந்த காலத்தில், கடலும் உப்பங்கழியும் கூடுகிற ஒரு மணல்மேட்டில் பூங்காவனம் என்ற பெண் கருவாடு போட்டுப் பிழைத்துவந்தாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. சில உப்புப் பானைகள், காயவைக்க ஓலைப்பாய்கள், ஒரு கொட்டகை, ஒரு கடுவன் பூனை. அவ்வளவுதான் அவள் குடும்பம்.

கடுவனின் பெயர் செம்பன். செம்மண் நிறம், ஒரு காது கிழிசல், கழுத்து மட்டும் காளைக்கு இருப்பதுபோலத் தடிப்பு. அந்த மணல்மேட்டுக் களத்தில் கருவாடு போட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் அவன்தான் காவல். அவனுக்குச் சோடியாகச் சாம்பல் என்றொரு பெட்டை இருந்தாள்.

அந்நாளில் பூனைகள் மாடுகளைப் போலத் தண்ணீர் குடிக்கும். செம்பனுக்குக் காலையில் ஒரு சட்டி, உச்சியில் ஒரு சட்டி, பொழுது சாயும்போது ஒரு சட்டி வேண்டும். குடித்த தண்ணீர் வெளியேறும் வழியும் கடுவனுக்குப் பெட்டைக்கு இருந்த அகலமே இருந்தது. தின்றது எலியும் ஓணானும். மீனைத் தொடமாட்டான்.

“செத்து நாலு நாள் ஆனதைத் தின்ன நான் என்ன காக்காயா அக்கா?” என்பான்.

“நாங்க எல்லாரும் அதைத்தான்டா திங்கிறோம்.”

“அதான் உங்க மேல அந்த வாடை.”

வாடையைப் பற்றி அவன் பேசக்கூடாதுதான். வேலிக்கம்பு ஒவ்வொன்றுக்கும் முதுகைக் காட்டி நின்று வாலைத் தூக்கிப் பீய்ச்சுவது அவன் வழக்கம். கொட்டகை மூலை, பாயின் விளிம்பு, உப்புப் பானையின் அடி, எதையும் விடமாட்டான். இது யார் காவல் என்று எலிகளுக்குத் தெரியவேண்டாமா என்று கேட்பான். எலிகளுக்குத் தெரிந்திருந்தது. கழியோரத்து எலிகள் வேலியை மோந்துவிட்டுத் திரும்பிப் போயின.

எலிகளுக்கு மட்டும் தெரிந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

ஒரு பங்குனி மாதம், மேட்டு ஊர்களிலிருந்து மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு வந்து கருவாடு எடுக்கும் தெய்வநாயகம் ஒரு கருவாட்டுக் கட்டைத் தூக்கி மூக்கருகே வைத்தார். கீழே வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார்.

“பூங்காவனம், போன தடவை எடுத்துட்டுப் போனதை எங்க ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? கொழம்பு கொதிக்கும்போது அடுப்பு மேல பூனை வந்து உக்காந்த மாதிரி இருக்குன்னாங்க.”

“வாடை இல்லாத கருவாடு எங்கண்ணே இருக்கு?”

“வாடைக்குத்தான் இவ்வளவு தூரம் மாட்டை ஓட்டிட்டு வர்றேன். அது மீன் வாடை. இது உன் பூனை மூத்திரம்.”

அவள் கட்டுகளோடு மற்ற வீட்டுக் கட்டுகளையும் மோந்து பார்த்து, எல்லாவற்றையும் மணலிலேயே விட்டுவிட்டு வெறும் வண்டியோடு போனார். வண்டி மறையும் முன்பே களம் கூடிவிட்டது. களத்துக்குப் பெரியவர் கன்னியப்பன். அதிகம் கத்தாத மனிதர். அதனால் அவர் சொல்வது நடந்துவிடும்.

“சாக்குல கட்டிக் கழிக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடுவோம்,” என்றார்.

கழிக்கு அந்தப் பக்கம் தாழம்புதரும் நரிகளும். அங்கே விட்ட பூனை எதுவும் திரும்பி வந்ததில்லை. பேச்சு தன்னைப் பற்றியது என்று தெரிந்தும் செம்பன் நடுவில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான். காது மட்டும் பின்னால் மடிந்திருந்தது. பூங்காவனம் அந்தக் காதைப் பார்த்தாள். பிறகு யோசிக்காமல் ஒன்று சொன்னாள்.

“இவன் அடக்கிக்குவான்.”

“எதை?”

“அதைத்தான்.”

கூட்டம் சிரித்தது. “எங்க மாமனாராலயே முடியல, இந்தப் பூனையால ஆவுமா?” என்றார் கன்னியப்பன். அவர் மாமனாரும் அங்கேதான் நின்றிருந்தார். அவருக்குக் காது கேட்காது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார்.

செம்பன் நக்குவதை நிறுத்தினான். எழுந்து நின்றான்.

“வெயில் ஏறினதிலேர்ந்து பாய் சுருட்டுற வரைக்கும் வேலிக்குள்ள ஒரு சொட்டு விழாது. விழுந்தா அந்தச் சாக்கை நானே கவ்விட்டு வர்றேன்.”

“பெட்டை?” என்று யாரோ கேட்டார்கள்.

“நான் எந்நாளும் வேலிக்கு வெளிய போயி, குழி தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிட்டுத்தான் வர்றேன்,” என்றாள் சாம்பல். “ஆம்பளைங்க பஞ்சாயத்துல என்னை எதுக்கு இழுக்குறீங்க?”

அது உண்மை என்பதால் பெட்டையை விட்டுவிட்டார்கள். கடுவனோடு மட்டும் ஒப்பந்தம் ஆயிற்று. அந்தக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. களத்து மீனை வாயில் வைத்தவன்தான் களத்துக்குக் கட்டுப்பட்டவன். வெறும் வாய்ப்பேச்சை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கன்னியப்பன் ஒரு கருவாட்டுத் தலையைப் பிய்த்துச் செம்பன் முன்னால் போட்டார். செம்பன் மூக்கைச் சுளித்தான். பூங்காவனம் குனிந்து அவன் முதுகைத் தடவி, “தின்னுடா, எனக்காக,” என்றாள்.

தின்றான். வாக்கு நிற்க வேண்டுமென்று அவனுக்குத் தினமும் தலைகள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள், கொடுப்பதற்கு முன்பே வந்து நின்றான். ஒரு மாதத்தில் எலியைப் பிடித்துக் கொன்று ஓரமாகப் போட்டுவிட்டுத் தலைக்குக் காத்திருக்க ஆரம்பித்தான்.

“காக்கா வந்துடுச்சு,” என்று பூங்காவனம் சீண்டுவாள்.

அடக்குவது முதலில் எளிதாக இல்லை. வெயில் உச்சிக்கு வரும்போதே செம்பன் ஓரிடத்தில் நிற்கமாட்டான். பொழுது சாய்ந்து கடைசிப் பாயைச் சுருட்டியதும் வேலியைத் தாண்டி ஓடுவான். அவன் ஓடுகிற அழகைப் பார்க்கவே பெண்கள் வேலையை நிறுத்துவார்கள். சில நாளில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். தண்ணீர் உள்ளே போவதால்தானே வெளியே வரப் பார்க்கிறது? உச்சிச் சட்டியை விட்டான். பிறகு காலைச் சட்டியை விட்டான். பொழுது சாயும்போது மட்டும் நாலு நக்கு நக்கினான். அதுவும் பிறகு இரண்டாயிற்று.

பூங்காவனத்துக்கு அது தெரிந்தது. காலையில் ஊற்றிய சட்டி அப்படியே தூசி படிந்து நின்றால் தெரியாமல் போகுமா? ஆனால் அந்த மணல்மேட்டில் நல்ல தண்ணீர் என்பது எட்டத்து ஊற்றில் குழி தோண்டி, சுரக்கும்வரை குந்தியிருந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பித் தூக்கிவருவது. சட்டியில் நின்ற தண்ணீரை அவள் பானையிலேயே திருப்பி ஊற்றினாள்.

“ஊர்ல ஒவ்வொருத்தனும் சொம்பு சொம்பாக் கேக்குறான். தண்ணி கேக்காத பிள்ளை நீ ஒருத்தன்தான்டா,” என்று அவன் தாடையைச் சொறிந்தாள். செம்பன் கண்ணை மூடிக்கொண்டு குர்ரென்று முனகினான். அந்தப் பாராட்டுக்காகவே அவன் அந்த இரண்டு நக்கையும் குறைத்துக்கொண்டான் என்பது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது.

தெய்வநாயகம் மறுபடியும் வந்தார், மோந்தார், எடுத்துக்கொண்டு போனார். களம் பிழைத்தது. செம்பனுக்கு மரியாதை வந்தது. உடம்பும் வந்தது. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. உள்ளே என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. பானையில் உப்புநீர் வற்ற வற்ற அடியில் உப்புப் பொருக்குப் படிவதை அந்தப் பெண்கள் தினமும் பார்த்தார்கள். ஒரு பூனைக்குள்ளும் அப்படிப் படியும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன. பச்சை மீன் இல்லை. காய்ந்த கருவாடு முழுவதையும் பூங்காவனத்தின் கொட்டகையில் அடுக்கினார்கள். களத்தில் ஒழுகாத கூரை அது ஒன்றுதான். கழியில் வெள்ளம் ஏறி, வளை இழந்த எலிகள் மேட்டைத் தேடி வந்தன.

“செம்பா, இந்த மழை விடுற வரைக்கும் கொட்டகையை விட்டு நகராத,” என்றாள்.

“ராத்திரியுமா?”

“ராத்திரிதானே எலி வரும்.”

செம்பன் கொட்டகை வாசலைப் பார்த்தான். வெளியே மழை. உள்ளே நாலு பக்கமும் கருவாடு. கருவாடு இருக்கும் இடமெல்லாம், ராத்திரியானாலும், களம். களத்துக்குள் ஒரு சொட்டு விழாது என்பது வாக்கு.

“கொஞ்ச நாள்தான்டா,” என்றாள்.

“சரிக்கா.”

இந்தக் கதையில் விதி என்று ஒன்று உண்டென்றால் அது அந்தச் ‘சரிக்கா’தான். கேட்டவள் என்ன கேட்கிறோம் என்று அறியாமல் கேட்டாள். சொன்னவன் தெரிந்தே சொன்னான்.

எட்டு நாள் மழை. எட்டு நாளும் அவனுக்குத் தின்னக் கருவாடு. தண்ணீர்ச் சட்டியை அவள் வைக்கவே இல்லை, அவன்தான் குடிப்பதில்லையே. விடியும் முன்பு ஒருமுறை வாசல் தாண்டி, நனைந்தபடி ஓடிப்போய், உடனே திரும்பி வருவான். அதுவும் கடைசி இரண்டு நாள் இல்லை. வெளியே ஓடிய நேரம் பார்த்து எலி ஒரு கருவாட்டுக் கட்டைக் கடித்துவிட்டது; அதற்குப் பிறகு அவன் நகரவில்லை.

ஒன்பதாம் நாள் வெயில் அடித்தது. பூங்காவனம் ஈரம் ஏறிய கருவாட்டைப் பாயில் பரப்பத் தொடங்கினாள். புழு விழுவதற்குள் உலர்த்தியாக வேண்டும். செம்பன் வேலிக்கு வெளியே போய் மண்ணைப் பறித்து உட்கார்ந்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். எழுந்து, நாலடி தள்ளி இன்னொரு குழி பறித்து உட்கார்ந்தான்.

“என்னடா, இடம் புடிக்கலையா?”

“மண்ணு ஈரமா இருக்குக்கா.”

உச்சிப் பொழுதுக்குள் வேலியோரம் முழுக்கக் குழி. எழுந்ததும் குனிந்து தன்னையே நக்கிக்கொண்டான். மறுபடி குழி பறித்தான். பூங்காவனம் தலை ஒன்றைப் பிய்த்து நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பாயை விட்டு எழுந்து அவனிடம் வந்து குந்தினாள். முதுகு வளைய, வால் நடுங்க, அவன் முக்கிக்கொண்டிருந்தான். முக்குகிறவனுக்கு என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியும். அவள் அப்பனுக்கு வந்தது, புருஷனுக்கு வந்தது, களத்தில் யாருக்குத்தான் வரவில்லை?

“வயிறு கட்டிக்கிச்சாடா?”

செம்பன் மணலைப் பார்த்தான். வாயில் பேச்சு இருந்த காலம் அது. சொல்லியிருக்கலாம். ஆனால் களத்துக்குக் காவல் நிற்கும் கடுவன், வேலிக்கம்பெல்லாம் தன் பெயர் எழுதிவைத்தவன், அது இப்போது தன்னால் முடியவில்லை என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வான்? மற்றதை ஒப்புக்கொள்வது எளிதாக இருந்தது.

“ஆமாக்கா.”

“கருவாடாத் தின்னா கட்டாம என்ன பண்ணும்,” என்று உள்ளே போய் விளக்கெண்ணெய் எடுத்துவந்தாள். மடியில் போட்டு, தாடையைப் பிரித்து, இரண்டு சிரட்டைக் கரண்டி ஊற்றினாள். முரண்டு பிடிக்காமல் விழுங்கினான். சாம்பல் கொட்டகை நிழலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். வாய் திறக்கக் கூடாது என்று செம்பன் காலையிலேயே சொல்லிவைத்திருந்தான்.

மறுநாள் எண்ணெய் தன் வேலையைச் செய்தது. அது அவனுக்கு வேண்டியிருந்த வேலை அல்ல. ஆனால் பூங்காவனம் பார்த்தாள், நிம்மதியடைந்தாள், பாய்களைத் திருப்பிப்போடப் போய்விட்டாள். அன்று பகல் முழுவதும் அவள் முதுகுக்குப் பின்னால் செம்பன் குழிக்குக் குழி மாறிக்கொண்டிருந்தான். பொழுது சாயும்போது ஒரு சத்தம் கேட்டது. அடிவயிற்றிலிருந்து வரும், சொல் எதுவும் இல்லாத, நீண்ட ஒரு சத்தம். அதுவரை எந்தப் பூனையும் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. எண்ணெய் வயிற்றைப் பிடுங்குகிறது என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலை அவன் உப்புப் பானைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தான். முன்னால் நுரையாக வாந்தி. காது சில்லென்றிருந்தது. அவன் மூச்சில் ஒரு வாடை வந்தது. வேலிக்கம்புகளில் முன்பு வந்த அதே வாடை, இப்போது வாயிலிருந்து.

“எண்ணெய் குடுத்தேனேடா. போனியேடா,” என்றாள்.

“அக்கா,” என்றாள் சாம்பல், பின்னாலிருந்து. “அவருக்கு வயிறு கட்டல. மூணு நாளா மூத்திரம் வரல.”

பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள்.

“முந்தாநேத்து ஏண்டி சொல்லல?”

“சொல்லாதேன்னார்.”

“அவன் சொன்னா?”

பூங்காவனம் கையைச் செம்பனின் அடிவயிற்றில் வைத்தாள். உள்ளே ஒன்று தென்னங் குரும்பை போலக் கல்லாக இருந்தது. விரல் பட்டதும் அவன் உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது. எழுந்து ஓடி, சட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வாயருகே வைத்தாள். அவன் அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தை விலக்கினான். அவள் கையால் அள்ளி ஊற்றினாள். அது அவன் தாடையோரமாக வழிந்து மணலில் இறங்கியது.

“செம்பா, இதைக் கேளு. வாக்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நான் கேட்டேன், நானே விட்டேன். இங்கேயே போ. பாய் மேல போ. பானை மேல போ. களம் பூரா நனைச்சு வை, எவன் கேக்குறான்னு நான் பாத்துக்குறேன்.”

செம்பன் எழுந்தான். எழுந்தது என்று சொல்வதைவிட, முன்னங்கால்களால் மீதி உடம்பை இழுத்தான் என்பது சரி. கொட்டகை வாசல் கம்புவரை போனான். களத்தில் எல்லோரும் பாய்களை விட்டு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பனும் நின்றார். செம்பன் கம்புக்கு முதுகைக் காட்டினான். வாலைத் தூக்கினான். வால் நடுங்கியது. நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கம்பில் சிவப்பாக ஒரு சொட்டு ஒட்டியது, குன்றிமணி அளவுதான்.

“இப்ப வரமாட்டேங்குதுக்கா,” என்றான்.

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. வெயில் உச்சிக்கு வரும்போது பூங்காவனத்தின் மடியில் அவனுக்கு உயிர் போயிற்று.

கன்னியப்பன் ஒரு சாக்கைக் கொண்டுவந்தார். புதைக்கத்தான் கொண்டுவந்தார். பூங்காவனம் அதை வாங்கிக் கடலில் எறிந்துவிட்டு, கையாலேயே மணலைத் தோண்டினாள். பேசியது சாம்பல்தான்.

“பேச்சு இருந்து என்னக்கா பிரயோசனம்? அவர் வச்சிருந்தும் சொல்லல. நான் சொன்னதும் செத்த பிறகு சொன்ன மாதிரி ஆயிடுச்சு.”

அதோடு அவள் வாயை மூடினாள். மனிதரிடம் பூனை பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மார்கழியில் அவள் குட்டி போட்டாள். இரண்டு கடுவன், ஒரு பெட்டை. குட்டிகள் கத்தின, பேச்சு வரவில்லை.

அந்தக் காலத்தில் ஓர் உயிர் தன் உடம்பை எதற்குப் பழக்குகிறதோ அது அதன் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வந்துவிடும். பூங்காவனத்துக்கு அது தெரியும். அதனால் அவள் முந்திக்கொள்ளப் பார்த்தாள். எட்டத்து ஊற்றுக்கு நாளுக்கு மூன்று நடை நடந்தாள். கொட்டகையில், வேலியோரம், பானைகளுக்கு நடுவில், எங்கும் சட்டி வைத்தாள். பெட்டைக்குட்டி குனிந்து நக்கியது. கடுவன்கள் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. கருவாட்டு வாடை வந்தால் மட்டும் இரண்டும் அவள் முந்தானையில் ஏறின. அவள் தரமாட்டாள். பக்கத்தில் காயவைப்பவர்கள் தந்தார்கள்.

“போடாதீங்க. ஆம்பளைப் பூனைக்கு ஆவாது.”

“பூனை மீன் திங்காம பின்ன புல்லா திங்கும்? செம்பன் தின்னு எப்படி இருந்தான், பாத்தல்ல.”

“எப்படிச் செத்தான்னும் பாத்தீங்க.”

“அது மழையில நனைஞ்சது,” என்றார் கன்னியப்பன். பொய் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் நினைவிருந்தது.

குட்டிகள் பிறந்த மூன்றாம் வருஷம் இரண்டு கடுவன்களில் மூத்தது மண்ணைப் பறித்து உட்கார்ந்தது. இந்த முறை பூங்காவனத்துக்கு முதல் குழியிலேயே தெரிந்துவிட்டது. அவள் அதைத் தூக்கி அடிவயிற்றைத் தொட்டாள். அதே குரும்பை. என்ன என்று தெரிந்திருந்தது, யார் சொல்லவும் தேவையாக இருக்கவில்லை. செய்யத்தான் அவளிடம் ஒன்றும் இல்லை. அது சாகும்வரை அதனோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு பாய்களைத் திருப்பிப்போடப் போனாள், மேகம் கூடியிருந்ததால்.

அன்று முதல்தான் கடுவன் பூனைக்கு அந்த மூத்திர வழி ஊசித்துளையாய்ப் போயிற்று. தண்ணீர்ச் சட்டியை மோந்துவிட்டு விலகுகிறது, மீன் வாடைக்கு எங்கிருந்தாலும் ஓடிவருகிறது. அன்று முதல்தான், என்றாவது ஒருநாள் அது மண்ணைப் பறித்துப் பறித்து உட்கார்ந்து ஒன்றும் வராமல் கத்தும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் வயிறு கட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, விளக்கெண்ணெய் எடுக்க உள்ளே போகிறார்.